மிஞ்சிய குரல்: பெங்களூரில் மென்பொருள் எழுதும் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூரில் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் தமிழ் நண்பர்களுக்கு,



இந்த மடலுக்குக் காரணம் உங்களில் ஒருவர். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, மெட்ரோவின் ஊதாத் தடத்தில் ஒயிட்ஃபீல்டிலிருந்து அல்சூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். யாரோ எழுந்து இடம் கொடுத்தார்கள். உட்கார்ந்து போனில் செய்தி படிக்க ஆரம்பித்தேன். இயர்போன் சரியாகச் செருகவில்லை போலும். குரல் வெளியே கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணா, உங்க போன் ஸ்பீக்கர் கிழிஞ்சுடுச்சுன்னு நினைக்கிறேன். கொரகொரன்னு ஏதோ வருது.”

“அது தமிழ், தம்பி” என்றேன்.

அவர் நம்பவில்லை. வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து அவர் காதருகே நீட்டினேன். இரண்டு வரி கேட்டதும் ஒரு மந்திரியின் பெயர் அவருக்குப் பிடிபட்டது, சிரித்துவிட்டார். திருநெல்வேலிக்காரர் என்பது பேச்சில் தெரிந்தது. மென்பொருள் வேலை என்பதும் பேச்சில்தான் தெரிந்தது. “இப்பல்லாம் ஏஐ குரல் மனுஷங்க மாதிரியே பேசுதேண்ணா. ஏன் இன்னும் இந்தப் பழசை வெச்சுக்கிட்டு இருக்கீங்க?” என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் இந்திராநகர் வந்துவிட்டது. அவர் இறங்கிப் போனார். அடுத்த நிலையம் என்னுடையது. அந்தக் கேள்விக்கு ஒரு நிலையத்தின் நேரத்தில் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கத்து ஊர். இருபது ஆண்டுகளாக அல்சூர் வாசம். வங்கி ஒன்றில் எழுத்தர் வேலை. உங்களுக்குத் திரை எதுவோ அது எனக்கு இந்தக் குரல். கணினியில் நான் நகரும் ஒவ்வோர் இடத்தையும், அழுத்தும் ஒவ்வொரு விசையையும் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் எடுத்துக் கொடுக்க, குரல் மென்பொருள் அதைப் பேசுகிறது. நான் பயன்படுத்தும் திரைவாசிப்பான் என்விடிஏ. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது, இலவசம், மூலநிரல் திறந்தே இருக்கிறது. அதோடு சேர்ந்தே வரும் குரல் ஈஸ்பீக். என் போனிலும் அதே குரல்தான். ரயிலில் அந்தத் தம்பி கேட்ட கொரகொரப்பு அதுதான்.

அதன் தொடக்க வேகம் நிமிடத்துக்கு 175 சொற்கள். நான் அதை இரண்டு மடங்குக்கும் மேலே ஏற்றி வைத்திருக்கிறேன். பெருமைக்காக அல்ல. நீங்கள் ஒரு பக்கத்தைக் கண்ணால் மேய்ந்து வேண்டியதை எடுத்துக்கொள்கிறீர்களே, காதால் படிப்பவனுக்கு அந்த மேய்ச்சல் வேகத்தில்தான் கிடைக்கும். மனிதர் பேசிப் பதிவு செய்த குரலை இவ்வளவு விரட்டினால் மெய்யெழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிடும். ஈஸ்பீக்கில் பதிவு செய்த மனிதக் குரல் அடிப்படை இல்லை. உயிரொலிகளைக் கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. அதனால் கேட்க வறட்சியாக இருக்கும், விரட்டினாலும் குழறாது. விசையைத் தட்டிய கையோடு பேசும். கன்ட்ரோல் விசையைத் தொட்டால் பாதிச் சொல்லில் வாயை மூடும். நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளை வைத்துக்கொண்டு, உங்கள் போனில் இருக்கும் நாலைந்து புகைப்படங்களின் இடத்தைத்தான் பிடிக்கும். இணையம் வேண்டாம். உங்கள் ஏஐ குரல் கதை கேட்க அருமையாக இருக்கிறது, நானும் கேட்கிறேன். ஆனால் வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போது, அவருடைய கணக்கு எண்ணை எவருடைய சர்வருக்கோ அனுப்பி, அங்கிருந்து தேனொழுகும் குரல் திரும்பி வரும்வரை நான் காத்திருக்க முடியாது.

இது பதிலில் பாதி. மீதிப் பாதி கொஞ்சம் கசப்பானது.

என்னிடம் இதைவிட நல்ல குரல் ஒன்று இருந்தது. காசு கொடுத்து வாங்கியது, பெண் குரல், ழகரம் சுத்தமாக வரும். தமிழ்ப் பெயர்களை அது படித்தால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் வருகைப்பதிவு எடுப்பதுபோல இருக்கும். ஆறு ஆண்டுகள் அதோடுதான் வேலை செய்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அலுவலகத்துக்குப் போனால், சனி ஞாயிறில் எல்லாக் கணினிகளையும் புதிய இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தார்கள். திரைவாசிப்பான் வந்தது, ஆங்கிலம் பேசியது. தமிழ் எழுத்து வந்த இடங்களிலெல்லாம் மௌனம். கணினிப் பிரிவைக் கூப்பிட்டேன். எடுத்தவர் அன்பாகவே கேட்டார்: “சார், ஸ்கிரீன்ல என்ன எரர் காட்டுது? படிச்சுச் சொல்லுங்க.”

படிக்கத்தானே அந்தக் குரல்!

குரலை விற்றவர்களுக்கு எழுதினேன். மின்னஞ்சல் திரும்பி வந்தது. தொலைபேசி எண் வேறு யாருக்கோ போயிருந்தது. அது 32 பிட்டுக்காகக் கட்டப்பட்ட மென்பொருள். புதிய ஏற்பாட்டில் அதைக் கூப்பிட வேண்டிய நிரல் 64 பிட். விண்டோஸில் 64 பிட் நிரல் ஒன்று 32 பிட் நூலகக் கோப்பைத் தனக்குள் ஏற்றிக்கொள்ளாது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். எனக்கு அன்றுதான் தெரிந்தது. மறுபடி ஒருமுறை கம்பைல் செய்தால் ஒருவேளை சரியாகியிருக்கும். ஆனால் மூலநிரல் மூடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஏதோ ஒரு வன்தட்டில் இருக்கிறது, அல்லது இல்லை. அன்று மாலையே ஈஸ்பீக்கின் தமிழுக்கு மாறினேன். அந்தத் தம்பியின் கேள்விக்கு நேரான பதில் இதுதான்: அழகு பார்த்து நான் இந்தக் குரலைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒவ்வோர் இயங்குதள மாற்றத்துக்குப் பிறகும் மிஞ்சியது இதுதான்.

“அப்டேட் பண்ணாமலே இருந்திருக்கலாமே” என்பீர்கள். இசைக்காரர்கள் அப்படித்தான் சமாளிக்கிறார்கள். 2019-இல் ஆப்பிளின் கேட்டலினா 32 பிட் நிரல்களை அடியோடு நிறுத்தியபோது, பழைய ஒலிச் செருகிகளை நம்பியிருந்த ஸ்டுடியோக்கள் ஒரு பழைய மேக்கை இணையத்திலிருந்து துண்டித்து மூலையில் வைத்துக்கொண்டன. பாட்டு முடியும்வரை அந்த இயந்திரத்தை யாரும் தொடமாட்டார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் வராத கணினியை எந்த வங்கியும் தன் வலையமைப்பில் விடாது, விடவும் கூடாது. அப்டேட்டை நான் எதிர்க்கவில்லை. அது என்னைக் கேட்டு வருவதில்லை என்பதைச் சொல்கிறேன்.

இதையெல்லாம் பெங்களூர்க்காரர்களிடம் சொல்ல ஒரு தனிக் காரணம் உண்டு. இந்திய மொழிகளைக் கணினி பேசியதில் இந்த ஊருக்குப் பழைய பங்கு இருக்கிறது.

சிம்ப்யூட்டரை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்மார்ட்போன் என்ற பொருள் நம் ஊருக்கு வருமுன், இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்கள் நால்வரும் என்கோர் சாஃப்ட்வேர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001-இல் வெளியே காட்டிய கையடக்கக் கணினி. லினக்ஸில் ஓடியது. படிக்கத் தெரியாத கிராமத்தாரும் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். ஆகவே அது பேசியாக வேண்டும். அதற்காக அந்த நால்வரில் ஒருவரான ரமேஷ் ஹரிஹரன் ‘த்வனி’ என்ற குரல் மென்பொருளை உருவாக்கினார். சின்னச் சின்ன ஒலித்துண்டுகளைப் பதிவு செய்து, செல்பேசியில் குரலைச் சுருக்கும் அதே முறையில் சுருக்கி வைத்து, எழுத்துக்கேற்பக் கோத்துப் பேசவைக்கும் ஏற்பாடு. சிம்ப்யூட்டர் 2004-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸின் தயாரிப்பில் கடைக்கு வந்தது, எதிர்பார்த்தபடி விற்கவில்லை. கருவி போனது. த்வனி போகவில்லை, ஏனென்றால் அதன் மூலநிரல் திறந்திருந்தது. கேரளத்தைச் சேர்ந்த சந்தோஷ் தோட்டிங்ஙல் என்ற மென்பொருளாளர் அதை எடுத்து, சாதாரண லினக்ஸ் கணினிகளுக்குக் கொண்டுவந்து, தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளைச் சேர்த்தார். கருவி செத்த பிறகும் அதன் குரல் வேறோர் உடம்பில் பேசியது.

ஆனால் லினக்ஸும் நின்ற இடத்தில் நிற்கவில்லை. அந்தக் காலத்தில் ஒலி எழுப்ப விரும்பும் நிரல் ‘டெவ் டிஎஸ்பி’ என்ற ஒரு கோப்பைத் திறந்து ஒலியை அதில் கொட்டினால் போதும், ஒலிபெருக்கி பேசும். ஓஎஸ்எஸ் என்ற அந்த முறைக்குப் பதிலாக, 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னலில் ஆல்சா வந்தது. 2007, 2008 வாக்கில் அதன்மேல் பல்ஸ்ஆடியோ ஏறியது. உபுண்டு 2010-இல் பழைய கோப்பையே எடுத்துவிட்டது. 2021-இல் ஃபெடோராவும் அடுத்த ஆண்டில் உபுண்டுவும் பைப்வயருக்கு மாறின. இருபது ஆண்டுக்குள் ஒலி போகும் பாதை மூன்று முறை மாறியிருக்கிறது. பழைய பாதை அடைபடும்போதெல்லாம் அதை நம்பிய நிரல்களை யாராவது உட்கார்ந்து புதிய பாதைக்குத் திருப்பிவிட வேண்டும். திருப்பாவிட்டால் சில நேரம் பிழைச் செய்திகூட வராது. நிரல் ஓடும், சத்தம்தான் இருக்காது.

த்வனியைத் திருப்பிவிட ஆள் தொடர்ந்து கிடைக்கவில்லை. பல ஆண்டுகளாக அது உறங்குகிறது. எங்கள் அல்சூர் ஏரிக்கரையில் நிற்கும் வள்ளுவரைப் பார்த்திருப்பீர்கள். 1991-இல் நிறுவிய சிலை, பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. சிலை என்பதால் காத்திருந்தது. மென்பொருளைப் பதினெட்டு ஆண்டு மூடிவைத்துத் திறந்தால் உள்ளே வள்ளுவர் இருக்கமாட்டார். நிரலில் ஓர் எழுத்துகூடக் கெட்டிருக்காது. அதைச் சுற்றியிருந்த உலகம் அதைவிட்டுப் போயிருக்கும்.

வள்ளுவரைச் சொன்னதால் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் ஏ.ஜி. ராமகிருஷ்ணனின் ஆய்வகம் ஒரு தமிழ்க் குரல் மென்பொருளை உருவாக்கி, 2001-இல் கோலாலம்பூரில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் அதைப் பற்றிக் கட்டுரை படித்தது. அதன் பெயர் ‘திருக்குறள்’. கன்னடத் தலைநகரில் பிறந்த தமிழ்க் குரலுக்கு அந்தப் பெயர்! அதன்பின் சென்னை ஐஐடியில் பேராசிரியர் ஹேமா மூர்த்தி போன்றோர் தலைமையில் பல நிறுவனங்கள் கூடி இந்திய மொழிக் குரல்களை உருவாக்கியிருக்கின்றன. ஆராய்ச்சிக்கு நம்மிடம் குறைவே இல்லை. ஆனால் ஆய்வகத்துக்கு அடுத்த ஆய்வு வந்துவிடும், மாணவர் பட்டம் வாங்கிப் போய்விடுவார். பழைய மென்பொருளைப் புதிய இயங்குதளத்துக்குக் கொண்டுவந்ததற்காக யாருக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் முனைவர் பட்டம் தருவதில்லை.

தமிழுக்கு இன்னோர் அடியும் விழுந்தது. 1999-இல் தமிழ்நாட்டரசு டாம், டாப் என்ற எழுத்துக் குறிமுறைகளை அறிவித்தது. உலகத் தமிழர்கள் பலர் டிஸ்கியில் எழுதினார்கள். 2010-இல் அரசு யூனிகோடுக்கு மாறியது. சரியான முடிவுதான். ஆனால் குரல் மென்பொருளுக்கு எழுத்துதான் சாப்பாடு. டிஸ்கி எழுத்தை எதிர்பார்த்த நிரலுக்கு யூனிகோடைக் கொடுத்தால் அது என்ன பேசும்? கண்ணால் படிப்பவருக்கு எழுத்துரு மாற்றி ஒன்று போதும். குரலுக்கோ, நிரலின் உள்ளேயே ஒரு மாற்றியைச் சேர்க்கவோ விதிகளைத் திரும்ப எழுதவோ யாராவது வேண்டும்.

இவ்வளவு அடியிலும் ஈஸ்பீக் எப்படித் தப்பியது? அதன் கதையைக் கேளுங்கள். ஜொனாதன் டடிங்டன் என்ற ஆங்கிலேயர் 1995-இல், ஏகார்ன் என்ற கணினியின் ரிஸ்க் ஓஎஸ் தளத்துக்காக எழுதியது அது. அந்தக் கணினியும் இன்று இல்லை. 2006-இல் அவரே அதை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். விண்டோஸுக்கும் வந்தது. பிற மொழிகளை அந்தந்த மொழிக்காரர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 2015-இல் அவரிடமிருந்து புதிய பதிப்புகள் வருவது நின்றது. காசுக்கு விற்ற குரலாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும், என் டீச்சர் குரல் முடிந்ததுபோல. ஆனால் ரீஸ் டன் என்பவர் அந்த ஆண்டின் இறுதியில் நிரலை எடுத்து, ஈஸ்பீக் என்ஜி என்ற பெயரில் தொடர்ந்தார். பிறகு வேறு சிலர் கைகொடுத்தார்கள். ஆண்ட்ராய்டில் இன்று நான் கேட்பதும் அதுதான்.

என் டீச்சர் குரல் நன்றாகப் பேசியது, நிரல் பூட்டியிருந்தது, நிறுவனத்தோடு போயிற்று. த்வனியின் நிரல் திறந்திருந்தது, தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஆளில்லை, தூங்கிவிட்டது. ஈஸ்பீக்குக்கு இரண்டும் வாய்த்தன. குரலின் இனிமைக்கும் அதன் ஆயுளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

பழையதைக் கைவிடாமல் புதியது செய்ய முடியாதா என்றால், முடியும். பைப்வயரையே பாருங்கள். அதை எழுதிய விம் டேமன்ஸ், உள்ளே எல்லாவற்றையும் மாற்றிவிட்டு, வாசலில் மட்டும் பல்ஸ்ஆடியோ, ஜாக் என்ற பழைய பெயர்ப்பலகைகளை மாட்டிவைத்தார். அந்தப் பெயர் சொல்லிக் கதவு தட்டும் பழைய நிரல்களுக்கு வீடு மாறியதே தெரியாது. இசைக்காரர்களிடம் ஜேபிரிட்ஜ் என்ற சின்ன மென்பொருள் உண்டு. 32 பிட் செருகியைத் தனியே ஓடவிட்டு, 64 பிட் நிரலுக்கும் அதற்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிக் கொடுக்கும். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டி கே.ஆர். மார்க்கெட்டில் பூ வாங்கும்போது கன்னடம் பேசும் பேரன் பக்கத்தில் நிற்பதைப்போல. 1990-களின் எலோக்வென்ஸ் என்ற ஆங்கிலக் குரல் இன்னும் நல்ல உதாரணம். அதையே கேட்டுப் பழகியவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். 2022-இல் ஆப்பிள் தன் ஐஓஎஸ் 16-இல் அதைச் சேர்த்தது. உலகின் பணக்கார நிறுவனங்களில் ஒன்று, தன்னிடம் எத்தனையோ மெருகான புதுக் குரல்கள் இருந்தும், ஒரு கிழட்டுக் குரலுக்கு இடம் கொடுத்திருக்கிறது. காதால் படிப்பவருக்குப் பழகிய குரல் என்பது உங்களுக்குப் பழகிய கீபோர்டு மாதிரி. மாற்றினால் விரலெல்லாம் தடுமாறும்.

சட்டமும் எங்கள் பக்கம்தான் இருக்கிறது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மின்னணு வடிவிலான தகவல் எங்களுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது. பிரக்யா பிரசூன் வழக்கில் 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது. ஆனால் தீர்ப்பை ஒரு நிரலுக்குள் யாராவது எழுத வேண்டும். அந்த வேலை நீதிபதிகளுடையது அல்ல, உங்களுடையது.

ஆகவே சில வேண்டுகோள்கள்.

நீங்கள் நாளை ஒரு புதிய தமிழ்க் குரல் நிறுவனம் தொடங்கப்போவதாக இருந்தால் வாழ்த்துகள். ஆனால் அதற்கு முன் ஒரு சனிக்கிழமையை எனக்குக் கொடுங்கள். உறங்கிக் கிடக்கும் ஒரு பழைய குரல் மென்பொருளை எடுத்து, இன்றைய இயங்குதளத்தில் கம்பைல் செய்து பாருங்கள். எங்கே தடுக்குகிறது என்று எழுதி வையுங்கள். பெரும்பாலும் காணாமல்போன ஒரு நூலகம், பெயர் மாறிய ஓர் அழைப்பு, ஒலியை அனுப்பும் நாலைந்து வரிகள், இவ்வளவுதான் இருக்கும். மொத்தத்தையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம் என்று கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். பழைய நிரலில் அசிங்கமாகத் தெரியும் ஒவ்வொரு விதிவிலக்கும் என்னைப் போன்ற ஒருவன் என்றோ அனுப்பிய புகாரின் தழும்பு.

இயங்குதளங்களின் சோதனைப் பதிப்புகள் மாதக்கணக்கில் முன்னதாகவே வெளிவருகின்றன. உங்களில் பலர் ஆசைக்கே அதை நிறுவிப் பார்ப்பீர்கள். நிறுவியதும் திரைவாசிப்பானை ஒருமுறை போட்டு, தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பத்தி படிக்க விடுங்கள். பேசவில்லை என்றால் அன்றே உரியவர்களுக்கு எழுதுங்கள். வெளியீட்டுக்கு முன் சொன்ன கோளாறுக்கும் பின்னால் சொன்ன கோளாறுக்கும் என்ன மரியாதை வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

குரல் மென்பொருள் விற்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். கடையை மூடும் நாள் எல்லாருக்கும் வரும். அப்போது நிரலைத் திறந்துவிடுங்கள். முடியாவிட்டால் யாரிடமாவது ஒப்படையுங்கள். பதிவு செய்த மூல ஒலிக்கோப்புகளையும் குரல் கொடுத்தவரின் எழுத்துபூர்வ ஒப்புதலையும் சேர்த்து வையுங்கள். நிரல் இருந்து ஒப்புதல் இல்லாவிட்டால் அந்தக் குரலை எடுத்து வளர்க்க எவரும் துணியமாட்டார்.

அலுவலகங்களில் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர்களே, எல்லாக் கணினிகளையும் மாற்றுமுன் ஒன்றை மட்டும் மாற்றி, எங்களில் ஒருவரை அதன்முன் ஒரு மணி நேரம் உட்காரவையுங்கள். ஆள் தெரியாவிட்டால் இந்த ஊரிலேயே கேட்கலாம். 1990-இலிருந்து மித்ர ஜோதியும் 1999-இலிருந்து எனேபிள் இந்தியாவும் பார்வையற்றவர்களோடு வேலை செய்து வருகின்றன.

பணத்துக்கும் வழி இருக்கிறது. இதே பெங்களூரின் ஜெரோதா நிறுவனம் 2024 அக்டோபரில் ஃப்ளாஸ் ஃபண்ட் என்ற நிதியைத் தொடங்கியது. உலகெங்கும் உள்ள கட்டற்ற மென்பொருள் திட்டங்களுக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர். புதிதாக ஒன்றைத் தொடங்குபவர்களுக்குத்தான் பணம் கிடைக்கும் என்ற பழைய வழக்கத்துக்கு மாறாக, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதைக் காப்பாற்றவும் கேட்கலாம். கேட்க ஆள் வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கும் வேலை உண்டு, அதுவும் தமிழ் தெரிந்தவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. நம் எழுத்தில் ‘ப’ ஒன்றுதான். ‘பாவம்’ என்று எழுதினால் செய்த பாவமா, நாட்டியக்காரர் முகத்தில் காட்டும் பாவமா என்று நமக்கு இடம் பார்த்துத் தெரியும், பொறிக்குத் தெரியாது. ‘கல்’லில் ஒரு ககரம், ‘தங்க’த்தில் ஒன்று, ‘அகம்’ என்பதில் இன்னொன்று. ‘பஸ்’ஸையும் ‘பயம்’ என்பதையும் ‘பால்’ போலவே குரல் அதிர்வில்லாத பகரமாகச் சொன்னால் கேட்கிறவன் ஒரு கணம் நின்று யோசிப்பான். நாளைக்கு ஆயிரம் முறை நின்று யோசிப்பவனின் களைப்பை நினைத்துப் பாருங்கள். இந்த விதிகளையும் விலக்குகளையும் எந்த இயங்குதள நிறுவனமும் நமக்காக உட்கார்ந்து எழுதாது. இங்கிலாந்தில் பிறந்த ஒரு மென்பொருள் இவ்வளவு தமிழ் பேசுவதே, யாரோ சிலர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததால்தான்.

இந்திராநகரில் இறங்கிப் போன தம்பி, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒன்று செய்யுங்கள். ஈஸ்பீக் என்ஜியின் மூலநிரலுக்குள் ‘டிக்ட்சோர்ஸ்’ என்று ஓர் அடைவு இருக்கிறது. அதில் தமிழுக்கு முக்கியமான இரண்டு கோப்புகள்: ‘டிஏ ரூல்ஸ்’, ‘டிஏ லிஸ்ட்’. முதலாவதில் உச்சரிப்பு விதிகள், இரண்டாவதில் விதிக்கு அடங்காத சொற்கள். இரண்டும் சாதாரண எழுத்துக் கோப்புகள், நோட்பேடில் திறக்கும். உங்கள் ஊர்ப் பெயரை அது எப்படிச் சொல்கிறது என்று முதலில் கேட்டுப் பாருங்கள். தப்பாகச் சொன்னால் திருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு வங்கி எழுத்தர்